சர்வருக்கு நல்ல பேர்

லினக்ஸ் கம்ப்யூட்டரில் 'சூடோ' என்று ஒரு கட்டளை உண்டு. பெரிய வேலை எதுவானாலும் முன்னால் அதைப் போட்டால்தான் நடக்கும், தாசில்தார் சீல் மாதிரி. சீல் குத்த ஒரு நொடி போதும். ஆனால் சங்கரன்கோவில் தெற்கு ரத வீதி மாடியில், ஆவுடையப்பனின் ஆன்லைன் தேர்வு மையத்தில், நாலு நாளாக ஒவ்வொரு சீலுக்கும் அரை நிமிடம் ஆனது. அசல் தாசில்தாரே தேவலை என்று பெனிட்டாவுக்குத் தோன்றியது.

மையத்துக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவளும் அவளே. இப்போது முதலாளியின் மச்சினன் மாரிராஜ், விண்டோஸ் போட்டுத் தருவதற்காகத் திருவேங்கடத்தில் பஸ் ஏறிவிட்டான். பதினோரு மணிக்கு வந்துவிடுவான். லினக்ஸ் போனால் பெனிட்டாவும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

"என்னம்மா, இன்னும் யோசிக்குதா?" ஆவுடையப்பன் எட்டிப் பார்த்தார். "ஓசியில கெடைக்குத சாமான் அப்படித்தான் இருக்கும்னு மாரிராஜ் சொல்லுதான்."

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி."

மெமரி தாராளமாக இருந்தது. டிஸ்க்கில் கோளாறு இல்லை. பிராசசர் வெட்டியாக உட்கார்ந்திருந்தது. அப்படியானால் இது வேலை செய்து தாமதமாகவில்லை, யாரோ பதில் சொல்வதற்காகக் காத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் திரையில் ஒரு எச்சரிக்கை வந்துகொண்டுதான் இருந்தது. எச்சரிக்கையைப் படிக்காமல் தாண்டுவது கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கே உள்ள வியாதி. இப்போதுதான் படித்தாள். 'கோமதி' என்ற கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையாம். அந்தக் கோமதிக்கு ஆங்கிலத்தில் இரண்டு ஹெச், மூன்று ஐ.

மற்ற இருபது கம்ப்யூட்டர்களையும் நடத்தும் இந்தத் தலைமைக் கம்ப்யூட்டருக்கு அவள் வைத்த பேர் 'சர்வர்-1'.

"அண்ணாச்சி, இதுக்குப் பேர மாத்துனது யாரு?"

ஆவுடையப்பன் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார். "நாந்தான். செட்டிங்ஸ்ல போயி நானே மாத்துனேன். சர்வர்னா ஓட்டல்ல இலை போடுதவன் பேருன்னாரு நியூமராலஜிக்காரர். அம்பாள் பேரு வச்சு, எழுத்துகளோட கூட்டு எண் அஞ்சு வரணுமாம். அஞ்சுன்னா வேகம்லா!"

பெனிட்டா தலையில் அடித்துக்கொண்டாள். "பேர மாத்துனீங்க, சரி. ஊருக்குச் சொன்னீங்களா? எந்தப் பேரு எந்த விலாசம்னு இதுக்குள்ள ஒரு பட்டியல் இருக்கு. அதுல இன்னும் பழைய பேருதான். சூடோ போட்டதும் இது தன்னையே அங்கன தேடுது. காணலன்னதும் வெளிய நெட்ல போய் விசாரிக்குது. அங்கன யாருக்குத் தெரியும்? நின்னு பாத்துட்டுத் திரும்பி வருது."

பட்டியலில் புதுப் பேரை ஒரு வரி சேர்த்தாள். கட்டளை போட்டாள். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிட்டது. அவளுக்கு அழுகையே வந்தது.

அந்நேரம் மாரிராஜ் பென்டிரைவோடு படியேறி வந்தான். ஆவுடையப்பன் அவன் தோளில் தட்டினார். "ஏலே மாரி, பாத்தியா வேகத்த! பேரு வேலை செய்ய நாலு நாள் பிடிச்சிருக்கு, அம்புட்டுதான். மத்த இருபதுக்கும் இன்னைக்கே பேர மாத்திருதேன். நீயும் வந்தது வந்துட்ட, எல்லாத்துலயும் விண்டோஸ போட்டுரு."

பெனிட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாடுபட்டவள் ஒருத்தி, பேர் வாங்குபவர் நியூமராலஜிக்காரர். விண்டோஸ் ஏறிவிட்டால், காலையில் பிழைத்த வேலை சாயங்காலமே போய்விடும். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், ஜாதகம் என்றால் முகம் சுளிக்கிறவள், மெதுவாகக் கேட்டாள்: "உங்க பேருக்குக் கூட்டு எண் என்ன அண்ணாச்சி?"

"எட்டு. ஏன்?"

"எட்டுன்னா சனிலா. சனி தொட்டதும்தான் சர்வர் நாலு நாள் படுத்துருச்சு."

கீபோர்டில் இருந்த கையை ஆவுடையப்பன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "அப்படியா சங்கதி? பாஸ்வேர்டையும் மாத்தி நீயே வச்சுக்கோம்மா. எனக்குச் சொல்லாத."

மாரிராஜ் பென்டிரைவைச் செருகப் போனவன் தயங்கி நின்றான். "எனக்கு எந்த நம்பருன்னு பாத்துச் சொல்லுங்களேன்."

பெனிட்டா கணக்கே போடவில்லை. "உங்களுக்கும் எட்டுதான்" என்றாள்.