மீட்டர்ல ஏறாத கிலோமீட்டர்

நாலு வருஷம் அடுத்தவன் டாக்சி வண்டிய ஓட்டினேன். கம்பெனிக்காரன் லீசுக்கு வுடுவான். மாசாமாசம் கட்டி முடிச்சா நம்ம பேருக்கு மாத்திக் குடுப்பான். அதுவரிக்கும் ஒரு பல்பு மாத்தணும்னாகூட அவன் யார்டுலதான் மாத்தணும். போன மாசம் லீசு முடிஞ்ச அன்னிக்கே நானும் எம் பொண்டாட்டி சொர்ணமும் ஆழ்வார்பேட்டை சந்துல இருக்கிற மெக்கானிக் வலியுல்லா பாய் ஷெட்டுக்குப் போனோம்.

"பாய், இந்த வண்டி இன்னும் அஞ்சு வருஷம் ஓடணும். இன்னா இன்னா செய்யணும், சொல்லு"ன்னேன்.

ஓடியே ஆவணும். அடையாறு ஆத்தோரம் இருந்த எங்க வூட்ட இடிச்சு, எங்கள ஊருக்கு வெளிய பெரும்பாக்கத்துல கொண்டுபோய் போட்டாங்க. சொர்ணத்துக்கு கோபாலபுரத்துல ரெண்டு வூட்ல சமையல் வேல. விடியறதுக்குள்ள பஸ்ல தொங்கிக்கினு வருவா, கால் வீங்கிப்போய் திரும்புவா. லீசு மட்டும் முடியட்டும்டி, வேலைக்குப் பக்கமா பட்டினப்பாக்கத்துல ஒரு ரூம் எடுத்துடலாம்னு நாலு வருஷமா சொல்லிக்கினு இருந்தேன். வண்டி படுத்தா ரூமாவது மண்ணாவது.

பாய் காலண்டர் தாளக் கிழிச்சு, பின்பக்கம் எழுத ஆரம்பிச்சார். இந்த மாசம் ஆயிலும் கூலண்டும். அடுத்த மாசம் பிரேக் பேடு. அப்பால பேட்டரி. எழுதிக்கினே மீட்டர எட்டிப் பார்த்தார். லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் காட்டுச்சு.

"டைமிங் பெல்ட்ட லட்சத்துல யார்டுல ஒருவாட்டி மாத்தியிருக்கான். அடுத்தது ரெண்டு லட்சத்துல. அது அறுந்துச்சுன்னா இன்ஜினே காலி நைனா. இன்னும் இருவதாயிரம் கீது, நாலு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம். மீட்டர்ல கை வெக்கலியே?"

"அம்மா சத்தியமா இல்ல பாய்."

பச்சைப் பொய். மாசத்துக்கு இவ்ளோ கிலோமீட்டர்தான் ஓட்டணும்னு கம்பெனி ரூல். மீறினா பேரு மாத்தித் தர மாட்டேன்னு மெரட்டி வெச்சிருந்தான். ஆனா ஞாயித்துக்கெழமையானா திருப்பதி, காஞ்சிபுரம்னு சொந்த சவாரி வரும். வுட முடியுமா? கியர்பாக்ஸ் கிட்ட ஒரு ஒயர் கீது. அதப் புடுங்கி வுட்டா வண்டி ஓடும், மீட்டர் ஏறாது. திங்கக்கெழமை திரும்ப மாட்டிடுவேன். நாலு வருஷமா இதே பொழப்பு.

பாய்கிட்ட ஏன் மறைச்சேன்னு கேளுங்க. அவர் மருமவன் ஃபராஸுக்கு அந்தக் கம்பெனி யார்டுலதான் வேல. பேரு மாத்துற காயிதம் இன்னும் எங் கைக்கு வரல. பாய் பேச்சுவாக்குல அங்க சொல்லித் தொலைச்சிட்டார்னா? 'பெல்ட்ட இப்பவே மாத்திடு பாய்'னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஏன்னு கேப்பாரேன்னு முழுங்கிட்டேன். காயிதம் வரட்டும், வந்த அன்னிக்கே சொல்லிடலாம்னு மனச தேத்திக்கினேன்.

நேத்து காயிதம் வந்துச்சு. உரிமையாளர்: தணிகாசலம். எம் பேர எத்தினி தபா படிச்சேன்னு எனக்கே தெரியாது. சொர்ணத்துக்கு போன் போட்டு சேதிய சொல்லி, வேல முடிச்சுட்டு ஷெட்டுக்கு வந்துடுன்னேன். முதல்ல பாய் காதுல உண்மைய போட்டுடணும்னு கெளம்பினேன்.

அடையாறு பாலத்து மேல 'டப்'னு ஒரு சத்தம். அவ்ளோதான், வண்டி நின்னுடுச்சு. பின்னாடி அத்தினி பேரும் ஹாரன் அடிக்கிறான். ஒரு ஆட்டோக்கார புண்ணியவான்தான் கயிறு கட்டி இழுத்தாந்து ஷெட்ல வுட்டார்.

பாய் இன்ஜின் மூடிய கழட்டினார். பெல்ட்டு நாரு நாரா கையோட வந்துச்சு. அத எம் மூஞ்சிக்கு நேரா நீட்டினார்.

"நெசமா எவ்ளோ ஓடிச்சு?"

"ரெண்டு லட்சத்து அறுவதாயிரம் இருக்கும் பாய்."

"ஏன் சொல்லல?"

ஃபராஸ் சமாச்சாரத்த சொன்னேன். பாய் தலைல அடிச்சுக்கினார்.

"அடப்பாவி மனுஷா! அந்த யார்டுல ஒயர் புடுங்காத வண்டி ஒண்ணு காட்டு பாப்போம். ஃபராஸே தெனம் சொல்லிச் சிரிப்பான். பேரு மாத்துறப்போ எவன் நைனா அதெல்லாம் பாக்குறான்? சொல்லியிருந்தா அன்னிக்கே மாத்தியிருப்பேனே!"

"இன்ஜின இன்னா பண்ணலாம் பாய்?"

"வண்டிய வித்தாதான் இன்ஜின் வாங்க முடியும்."

செருப்ப கழட்டி என்னையே அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

அந்த நேரம் பார்த்து சொர்ணம் வந்தா. கைல மல்லிப்பூ மாலை, கற்பூரம், நாலு எலுமிச்சம்பழம். மூஞ்சியெல்லாம் சிரிப்பு. மாலைய முன்னாடி கட்டினா. குனிய முடியாம குனிஞ்சு, நாலு டயருக்கும் அடியில பழத்த வெச்சா. கற்பூரம் காட்டி வண்டியத் தொட்டுக் கும்புட்டா. பாய் அறுந்த பெல்ட்ட பாக்கெட்டுல திணிச்சுக்கினார்.

"உம் பேருக்கு மாறிடுச்சுல்ல?"

"மாறிடுச்சு."

"அப்போ ஏறுய்யா. இன்னிக்கு நான் பஸ்ல போவ மாட்டேன்."

ஏறி குந்தினேன். அவளும் பக்கத்துல ஏறிக்கினா. சாவிய திருப்பல. பாய் வண்டிக்குப் பின்னாடி போய் கைய வெச்சுத் தள்ளினார். டயருக்கு அடியில பழம் நசுங்குச்சு.

"இன்னாய்யா," சிரிச்சுக்கினே கேட்டா சொர்ணம், "சத்தமே காணோம்?"