ஏழு சாண் துணி

நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. நான்கு வருடமாக இதன் ஜன்னல்களுக்கு நான் திரைச்சீலை தைக்கவில்லை. நகரத்தின் நடுவில் ஒரு கடையில் பதினோரு வருடமாகத் திரைச்சீலை வெட்டித் தைப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் சொந்த வீட்டின் மூன்று ஜன்னல்களிலும் பழைய போர்வைகள்தான் துணி கிளிப்பில் தொங்கின. யாராவது கேட்டால், எப்படியும் காலி செய்யப்போகிற வீடு, எதற்கு என்பேன்.

ரயில் பாதையில் கடைசி நிலையத்துக்கு முந்தினது எங்களுடையது. மேம்பாலப் படியிறங்கினால் ஒரு மருந்துக்கடை, ஒரு ரொட்டிக்கடை, அதற்கப்புறம் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி ஆறு தெருக்கள். பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட சின்னச் சின்ன வீடுகள். அடுத்த வீட்டில் கரண்டி கீழே விழுந்தால் இங்கே கேட்கும். வேறு சத்தம் எதுவும் இல்லாததால்தான் அது கேட்கிறது. வாடகை எங்கள் கைக்கு அடக்கமாக இருந்தது. வந்ததற்கு அது ஒன்றுதான் காரணம்.

அக்கா நகரத்துக்குள்ளேயே இருக்கிறாள். போனில் பேசும்போதெல்லாம், "ஏன்டி, உங்க காட்டுக்கு இன்னும் ரயில் விடுறாங்களா?" என்று ஆரம்பிப்பாள். நானும் சிரித்துக்கொண்டே அவளோடு சேர்ந்து என் வீட்டைத் திட்டுவேன். ஒரு கடை கண்ணி இல்லை, எட்டு மணிக்கெல்லாம் தெரு அடங்கிவிடுகிறது, ரயிலிலேயே ஆயுசு போகிறது என்பேன். அவள் ஒருமுறையாவது வருகிறேன் என்று சொன்னபோதெல்லாம், இங்கே பார்க்க என்ன இருக்கிறது, நானே வருகிறேன் என்று தடுத்துவிட்டேன். போனை வைத்ததும், அதே புகாரின் மிச்சத்தை என் வீட்டுக்காரரிடம் கொட்டுவேன். அவர் கேட்டுக்கொண்டே காலணியைக் கழற்றுவார்.

குறை சொல்வதில் எனக்கு ஒரு வசதி இருந்தது. குறை சொல்கிறவரை நான் இந்த இடத்தைச் சேர்ந்தவள் இல்லை, எங்கேயோ போகிற வழியில் இங்கே சற்று நிற்கிறவள். அட்டைப்பெட்டிகளில் நான்கை நான் பிரிக்கவே இல்லை. பின்னறையில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, மேலே துணி விரித்து, இஸ்திரி போடும் மேசையாக வைத்துக்கொண்டிருந்தேன்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வழக்கத்தைவிட வேகமாகப் படியேறி வந்தார். அவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. நாள் முழுக்க அடுக்குமாடிக் கட்டடங்களில் ஏறி இறங்குகிற மனிதர், வீட்டின் மூன்று படியையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் ஏறுவார். அன்று அப்படி இல்லை.

"கிடைச்சிடுச்சு" என்றார்.

அவர் பராமரிக்கிற கட்டடம் ஒன்றில் ஒன்பதாவது மாடியில் ஒரு வீடு. லிஃப்ட்காரர் அங்கேயே குடியிருந்தால் நல்லது என்று மேலாளர் வாடகையில் நிறைய விட்டுக்கொடுத்திருக்கிறார். என் கடைக்கு நடந்தே போய்விடலாம். ஞாயிறு மாலைக்குள் சம்மதம் சொல்லியாக வேண்டும். இரண்டு வருடமாகப் போகிற கட்டடத்திலெல்லாம் சொல்லி வைத்திருந்தாராம். என்னிடம் மூச்சு விடவில்லை. சட்டைப்பையிலிருந்து லிஃப்ட் சோதனைச் சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். அதன் பின்பக்கத்தில் அந்த வீட்டு ஜன்னல்களின் அளவு. உயரம் தொண்ணூறு அங்குலம், ஜன்னல் இரண்டு.

"இந்தத் தடவையாவது போர்வை வேணாம்" என்று சிரித்தார்.

நான், "நல்லதுங்க" என்றேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். நானும் கொஞ்ச நேரம் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். அன்றிரவே அக்காவுக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ரயிலில் திரும்பும்போது ஒன்றைக் கவனித்தேன். தினமும் நடப்பதுதான். பாதி வழியில் கூட்டம் இறங்கிவிடும். ஜன்னலோர இருக்கை கிடைக்கும். நான் செருப்பை அவிழ்த்து, காலை எதிர் இருக்கையின் கீழ்க்கம்பியில் வைத்துக்கொள்வேன். கட்டடங்கள் குட்டையாகி, காற்று உள்ளே வரும். தோள் இரண்டும் தாமாக இறங்கும். நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு ஜன்னலுக்காகக் குனிந்த முதுகு அந்த நான்கு நிலையங்களில் நிமிர்ந்துவிடும். இத்தனை நாள் இதற்குக் களைப்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

தெருமுனையில் எதிர்வீட்டு வேன் அண்ணன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேன். எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று நாங்கள் வருவதை வைத்தே சொல்லிவிடுவார். "ஆறு நிமிஷம் லேட்டு தங்கச்சி" என்றார். அடுத்த வாரம் முதல் எனக்கு நிமிடக் கணக்கு சொல்ல ஆளிருக்காது என்று தோன்றியது. அதை அப்படியே விழுங்கிவிட்டு வீட்டுக்குள் போனேன். இரண்டு வருடம் அலைந்து வீடு பிடித்துக்கொண்டு வந்தவரிடம், நான் இத்தனை நாள் சொன்னதெல்லாம் சும்மா என்று எப்படிச் சொல்வது? அதுவும் அது சும்மாதானா என்று எனக்கே நிச்சயமில்லாதபோது?

சனிக்கிழமை மதியம் அவர் வேலைக்குப் போயிருந்தார். நான் துணியை எடுத்துக்கொண்டு முன்னறைத் தரையில் உட்கார்ந்தேன். உலர்ந்த புல்லின் நிறத்தில் கனமான துணி. கடை முதலாளி, புதுவீட்டுக்கு என் பங்கு என்று கொடுத்தது. ஜன்னலுக்கு இரண்டு துண்டு, ஆக நான்கு. மேல்மடிப்பு, கீழ்மடிப்புக்கு எட்டு அங்குலம் சேர்த்தால் துண்டுக்குத் தொண்ணூற்றெட்டு. நான்கு துண்டுக்கு அளந்து அறுத்துக் கொடுத்த துணி. ஒரு விரற்கடை கூட மிஞ்சாது.

டேப்பை எடுப்பதற்கு முன் கையால் அளப்பது என் பழக்கம். என் ஒரு சாண் சரியாக எட்டு அங்குலம். எந்த ஜன்னல் முன்னால் நின்றாலும் கை தானாக விரிந்து சட்டத்தின்மேல் நடந்துவிடும். கடையில் இதற்காக என்னைச் 'சாண் அக்கா' என்பார்கள். கையால் குறி வைத்து, பிறகு டேப்பால் சரிபார்த்துத்தான் கத்தரியைத் தொடுவேன்.

அன்று டேப் பக்கத்தில்தான் கிடந்தது. சீட்டும் கிடந்தது. ஜன்னல் வழியே வேன் பின்வாங்கும் இசை கேட்டது. அண்ணனின் மனைவி அவரை எதற்கோ வைதுகொண்டிருந்தார். அவர் பதிலுக்கு வேனின் ஹாரனை அடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. கை துணியில் நடந்தது, சுண்ணக்கட்டி கோடு போட்டது, கத்தரி ஓடியது. வெட்டி, மடித்து, அடுக்கி, அடுத்தது. துணி தீர்ந்ததும் நிமிர்ந்து அடுக்கை எண்ணினேன்.

ஏழு.

மறுபடி எண்ணினேன். நான்கு வரவேண்டிய இடத்தில் ஏழு துண்டுகள். ஒன்றை விரித்து டேப்பை வைத்தபோது ஐம்பத்தாறு அங்குலம் காட்டியது. ஏழு சாண். எழுந்துபோய் முன்னறை ஜன்னலின் போர்வையை விலக்கிச் சட்டத்தில் கையை வைத்தேன். ஆறு சாண். மடிப்புக்கு ஒன்று. மற்ற இரண்டு ஜன்னலும் இதே அளவுதான். இந்த ஜன்னலை நான் எப்போது அளந்தேன்? யாரும் கேட்காமலே, நான்கு வருடமாக, தினமும் அதன் முன்னால் நின்றபோதெல்லாம் அளந்திருக்கிறேன்.

மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். துணி பழுது, வேறு வாங்கலாம் என்று சொல்லிவிடலாம். அவர் நம்புவார். நான் சொன்னதை எல்லாம் நம்புகிறவர்தானே. அந்த நினைப்புதான் என்னை உட்காரவைத்தது.

நான்கு மணிக்கு அவர் வந்தபோது துண்டுகள் தரையிலேயே இருந்தன. பார்த்ததும் அவருக்கு முதலில் தன்மேல்தான் சந்தேகம். சீட்டை எடுத்துப் பார்த்தார். பையிலிருந்து இரும்பு டேப்பை உருவித் துண்டை அளந்தார். பிறகு எழுந்து ஜன்னலையும் அளந்தார். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் லிஃப்ட் கதவு மூடாது என்பார். அந்த முகத்தோடுதான் திரும்பினார்.

"மடிப்புக்கு எவ்வளவு விடுவ?"

"எட்டு."

"பதினோரு வருஷத்துல இப்படி எத்தனை தடவை தப்பா வெட்டியிருக்க?"

"ஒரு தடவை கூட இல்லைங்க."

அவர் பின்னறைக்குப் போய் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்து அதன்மேல் உட்கார்ந்தார். கோபம் வந்தால் அவர் குரல் ஏறாது, இறங்கும். "நாலு வருஷமா இந்த வீட்டைத் திட்டாத நாளில்ல. பார்க்கிறவன்கிட்டயெல்லாம் பல்லைக் காட்டி வாங்கின வீடு அது" என்றார்.

"எனக்கு இங்கேயே இருக்கணும்ங்க."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்ன வாக்கியம் என்று தெரிந்தது.

"இதை வியாழக்கிழமையே சொல்லியிருக்கலாம்."

"வியாழக்கிழமை எனக்கே தெரியாது."

அது முக்கால்வாசி உண்மை. மீதியையும் சொன்னேன். அக்கா முன்னால் தாழ்ந்துபோய்விடக் கூடாது என்று பேச ஆரம்பித்தது, பிறகு அதுவே வாய்ப்பழக்கமாகிவிட்டது. உங்களுக்குத் தினமும் இரண்டு மணி நேரம் மிச்சமாகுமே, அதை நான் கெடுக்கிறேனே என்றும் சொன்னேன். அவர் இரும்பு டேப்பை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். அது சரக் சரக்கென்று உள்ளே ஓடியது.

"ரயில்ல நல்லாத்தான் தூங்குறேன்" என்றார் கடைசியில். "அங்க போனா, லிஃப்ட் நின்னா நேரங்காலம் இல்லாம என் கதவைத்தான் தட்டுவாங்க. தெரிஞ்சுதான் இருந்தேன். உனக்குப் பிடிக்கும்னு வாயை மூடிக்கிட்டேன்." டேப்பைப் பைக்குள் போட்டுவிட்டு, "மேலாளர்கிட்ட நான் பேசிக்கிறேன். உங்க அக்காகிட்ட நீதான் சொல்லணும். அது என்னால ஆகாது" என்றார்.

அவர் சமாதானமாகிவிட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் அன்று முழுக்க முகத்தைக் கொஞ்சம் தூக்கித்தான் வைத்திருந்தார். அதற்கு அவருக்கு உரிமை இருந்தது.

இரவும் காலையும் உட்கார்ந்து ஆறு துண்டுகளைத் தைத்து முடித்தேன். ஞாயிறு மதியம் அவர் கம்பி மாட்டத் துளை போட்டுக்கொண்டிருந்தபோது வேன் அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"என்ன தம்பி, காலி பண்ற வீட்டுக்குத் துளை போடுற?"

"காலி பண்ணலைண்ணே."

"அப்படியா?" என்றார். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார், ஆனால் உடனே போகவில்லை. கம்பி நேராக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். "நாலு வருஷமா அந்தப் பூப்போட்ட போர்வையவே பார்த்துக் கண்ணு பூத்துப்போச்சு தங்கச்சி. இனிமேலாவது வேற ஏதாவது பார்க்கலாம்" என்றார். ஏழாவது துண்டு யாருக்கு என்று கேட்டார். உங்கள் வேனின் பின்கண்ணாடிக்கு என்றேன். அப்படியானால் அளவெடுக்க எப்போது வருகிறாய் என்று அவர் நிஜமாகவே கேட்டார்.

நான் போனை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன்.

"அக்கா, நாங்க வரலை."

"வீடு கைநழுவிப்போச்சா?"

"இல்ல. நான்தான் வேணாம்னேன்."

"உனக்கென்ன கிறுக்கா? அங்க என்னடி இருக்கு?"

நான்கு வருடமாக அந்தக் கேள்விக்கு நான் ஒன்றுமில்லை என்று பதில் சொல்லிவந்தவள். கண்ணெதிரே ஒரு சுவர், அதில் அடுத்த வீட்டு ரேடியோவின் முணுமுணுப்பு, முன்னறையில் துளைக்கருவி. இதையெல்லாம் எப்படி வரிசைப்படுத்திச் சொல்வது?

"அடுத்த ஞாயித்துக்கிழமை நீயே வந்து பாரு" என்றேன்.

அக்காவுக்கு அது புதிதாக இருந்திருக்க வேண்டும். திட்டத் தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். பிறகு குரலைத் தணித்து, "ரயில்ல உட்கார இடம் கிடைக்குமா?" என்று கேட்டாள்.

"பாதி வழிக்கு மேல ஜன்னலோரமே கிடைக்கும்க்கா."

போனை வைத்துவிட்டு முன்னறைக்கு வந்தேன். அவர் நேற்று உட்கார்ந்திருந்த அட்டைப்பெட்டி இன்னும் அங்கேயே இருந்தது. ஒட்டுநாடாவைக் கிழித்தேன். உள்ளே, செய்தித்தாளில் சுற்றி, கல்யாணத்துக்கு அக்கா கொடுத்த கண்ணாடிக் கோப்பைகள். ஆறில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. மற்ற ஐந்தையும் கழுவி, புதுத் திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு, ஜன்னல் விளிம்பில் வெயிலில் கவிழ்த்தேன். அக்காவுக்கு ஒன்று, எங்களுக்கு இரண்டு. வேன் அண்ணனும் அவர் மனைவியும் வந்தாலும் சரியாக இருக்கும்.