சைனைட் மேட்டில் ஒரு ராஜஸ்தான்

தகரக் கதவில் லத்தி விழுந்த சத்தத்தில் கௌதமனின் கையிலிருந்த லென்ஸ் மூடி கட்டிலுக்கு அடியில் உருண்டு ஓடியது. தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய ஊரிகம் லைன் வீடுகளில் ஒரு கதவைத் தட்டினால் பத்துக் கதவு திறக்கும். திறந்தன. வாசலில் கான்ஸ்டபிள் ரவிகுமார். அவருக்குப் பின்னால், கையில் ரப்பர் முத்திரையோடு, சுகாதாரப் பணியாளர் ஜெயசீலி.

புருஷனும் பெண்டாட்டியும் ஊரடங்கில் வெளிமாநிலம் போய் வந்திருப்பதாகத் தகவல். பதினாலு நாள் வீட்டைவிட்டு இறங்கக் கூடாது. கதவில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும், கையில் முத்திரை குத்த வேண்டும் என்றாள் ஜெயசீலி. ரயில் நின்றதிலிருந்து பக்கத்து ஜங்ஷன் பங்காருப்பேட்டையைக்கூட எட்டிப் பார்க்காத கௌதமன், எந்த மாநிலம் என்று கேட்டான்.

"ராஜஸ்தான்ணா. நீங்களே போட்டோ போட்டுட்டு என்னையே கேக்கறீங்களே" என்று போனை நீட்டினாள். கௌதமனின் மனைவி சங்கமித்ராவின் ஸ்டேட்டஸ் அது. அலை அலையாக மணல், பொன் வெயில், கண்ணாடி பதித்த சிவப்புப் புடவையில் சங்கமித்ரா.

ராஜஸ்தான் என்ற பெயர் அந்த வீட்டுக்குப் புதிதல்ல. பாலைவனம் காட்டுகிறேன் என்று கல்யாணமான புதிதில் கௌதமன் வாக்குக் கொடுத்திருந்தான். ஒரு வருஷம் லீவு கிடைக்கவில்லை, ஒரு வருஷம் மச்சினன் கல்யாணம். இந்த வருஷம்தான் ஒருவழியாக டிக்கெட் எடுத்து, கேமராவும் வாங்கி, அவளுக்கு அந்தப் புடவையும் வாங்கினான். ஏப்ரல் வந்தது; ரயில் வரவில்லை. புடவை டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று. சங்கமித்ரா பெட்டியைப் படாரென்று மூடினாள்.

ஆனால் கேமரா சும்மா இருக்கவில்லை. இருட்டில் ரயிலேறி பெங்களூரு போய் இருட்டில் திரும்புகிறவன் அவன். ஞாயிற்றுக்கிழமையைத் தூங்கியே தீர்ப்பான். சொந்த ஊரைப் பகலில் பார்த்ததே ஊரடங்கின் புண்ணியம். பால் வாங்கப் போகிற சாக்கில் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு கிளம்பினான். மூடிப்போன சுரங்கத்தின் ஷாப்ட் கோபுரத்தில், துருப்பிடித்த சக்கரத்தில் மைனா குடித்தனம் செய்தது. ரயில் இல்லாத பிளாட்பாரத்தில் ஆடுகள் பயணிகளைப் போல வரிசையாகப் படுத்திருந்தன. சாயங்கால வெயில் ஒரு மணி நேரம் கிடைத்தால் அன்றைக்குச் சோறு வேண்டாம் என்கிற ஆளாகிவிட்டான் கௌதமன்.

அப்படித்தான் சைனைட் மேட்டையும் கண்டுபிடித்தான். சைனைட் கலந்து தங்கத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு மிச்சத் தூளை ஒரு நூற்றாண்டாகக் கொட்டிக் குவித்த வெளிறிய குன்று. காற்றடித்தால் குழம்பில் விழும், கண்ணில் விழும். திட்டுவதற்குத் தவிர யாரும் அதன் பக்கம் திரும்புவதில்லை. பொழுது சாயும் நேரத்தில் அது அசல் பாலைவனம் என்று கண்டவன் கௌதமன் ஒருவன்தான். போன வாரம் சங்கமித்ராவைப் புடவை கட்டச் சொல்லி, ஏறக் கூடாது என்ற பலகையைத் தாண்டி, தூளில் குப்புறப் படுத்துப் படம் எடுத்தான்.

"ராஜஸ்தான் இல்ல சார். அதோ, அந்த மேடுதான்" என்று கை நீட்டிக் காட்டினான் கௌதமன்.

ரவிகுமார் திரும்பிப் பார்த்தார். உச்சி வெயிலில் மேடு பழைய சுண்ணாம்பு மாதிரி நின்றது. போனைப் பார்த்தார். மறுபடி மேட்டைப் பார்த்தார்.

"எங்க தாத்தா நந்திதுர்க் மைன்ல அண்டர்கிரவுண்ட் வேலை. நானு பொறந்ததே இந்தத் தூசிலதான். எனக்கே மேட்டைக் காட்டறீங்களா சார்?"

"மேட்டுல முள்ளுச்செடி இருக்கும்ணா, இது சுத்தமா கீது" என்றாள் ஜெயசீலி.

முள்செடி விழாமல் படமெடுக்கத்தான் அரை மணி நேரம் உருண்டிருந்தான் கௌதமன். தன் படத்தை யாராவது மெச்ச மாட்டார்களா என்று ஏங்கியவனுக்கு முதல் பாராட்டு குற்றச்சாட்டாக வந்தது. கோணம், வெளிச்சம் என்று விளக்க விளக்கக் குற்றம் உறுதியாயிற்று. பெங்களூரு ஆபீசில் பயண பாஸ் வாங்கிக் காரில் போயிருப்பார்கள் என்று திறந்த கதவுகளிலிருந்து தகவல் வந்தது. சங்கமித்ரா இரண்டு நாள் குழாயடிக்கு வராததும் சாட்சியாயிற்று. மேட்டுத் தூசியில் வந்த இருமல் ஊரைக் கலக்கிவிடும் என்று அவள் உள்ளேயே இருந்ததை யாரிடம் சொல்வது?

ரவிகுமார் நல்ல மனுஷர். மேட்டில்தான் எடுத்தது என்று அந்தம்மா தன் வாயால் சொல்லட்டும், பலகையைத் தாண்டியதற்கு ஒரு வார்த்தை கண்டித்துவிட்டுப் போகிறேன் என்றார்.

கௌதமனுக்கு உயிர் வந்தது. பதினாலு நாள் உள்ளே கிடந்தால் மழை பிடித்துக்கொள்ளும். இந்த வெயில் அடுத்த வருஷம்தான். ரயில் ஓட ஆரம்பித்துவிட்டால் அதுவும் இல்லை. மனைவியைக் கெஞ்சலாகப் பார்த்தான்.

சங்கமித்ரா அவனைப் பார்க்கவில்லை. ரவிகுமாரின் தோளுக்கு மேலாக, திறந்திருந்த பத்துக் கதவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்து, ஜெயசீலியிடம் இடது கையை நீட்டினாள்.

"குத்தும்மா. சார், நோட்டீஸ்ல ராஜஸ்தான்னு கொஞ்சம் பெருசா எழுதுங்க, எதிர்வீட்டு ஜெயம்மாவுக்குக் கண்ணு சரியா தெரியாது."