முப்பத்தேழாவது குளம்

ஒரே தறியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒன்பது மாதம் ஒரு வார்த்தை பேசாமல் சேலை நெய்ய முடியுமா? முடியும். பிள்ளையார்பாளையத்தில் பஞ்சாட்சரமும் அவர் மனைவி காவேரியும் அப்படித்தான் நெய்தார்கள். உடம்பும் கரையும் தனித்தனி நிறமாகக் கோத்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். உடம்புக்கு ஊடுநூல் நாடா எறிவது ஒருத்தர், ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா எறிவது இன்னொருத்தர். அந்த இன்னொரு இடத்தில் முன்பு மகன் ஆனந்தகுமார் உட்கார்ந்திருந்தான். அவன் போன பிறகு காவேரி வந்து உட்கார்ந்தாள். கை பேசிக்கொண்டது, வாய் பேசவில்லை.

தவிர்க்க முடியாததைக் காற்றுக்குச் சொல்வாள். "சோறு வச்சிருக்குது" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். "கோயிலுக்குப் போறேன்" என்று வாசற்படியிடம் சொல்வாள். பஞ்சாட்சரத்தின் முகத்துக்கு நேராக ஒன்றும் கிடையாது.

அவர் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கோபிப்பது? மகனை அன்றைக்கு அனுப்பியவர் அவர்தானே.

அதுவும் எதற்கு? ஒரு மூக்குக் கண்ணாடிக்கு. ஐயம்பேட்டையில் பங்காளி அப்பாதுரை வீட்டில் அதை மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார். இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், கார்த்திகை மாதம், விளக்கு வைக்கிற நேரம். ஆனந்தகுமார் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தான். "பைக்ல ஒரு எட்டு போயி எடுத்தாந்துடுப்பா, அஞ்சு நிமிஷ வேல" என்றார். "காலையில போவட்டும், இருட்டிக்கினு வருது" என்றாள் காவேரி. "கண்ணாடி இல்லாம காலையில நான் எப்படித் தறியில உக்காருவேன்?" என்று இவர் அதட்டினார். பையன் சிரித்துக்கொண்டே சாவியை எடுத்தான். போகும்போது எதிரே ஒன்றும் வரவில்லை, திரும்பி வரும்போது மணல் லாரி எதிரே வந்தது.

மூன்றாம் நாள் போலீஸ்காரர் ஒரு கவரில் போட்டுச் சாமான்களைக் கொடுத்தார். சீப்பு, செல்போன், கண்ணாடி. போனுக்கு மூலையில் ஒரு விரிசல். கண்ணாடிக்கு ஒரு கீறல்கூட இல்லை. இருபது வயதுப் பிள்ளை நொறுங்கிப் போனான், பாழாய்ப்போன கண்ணாடி முழுசாக வந்து சேர்ந்தது. பஞ்சாட்சரம் அதைத் தொடவில்லை. காவேரி பீரோவுக்குள் எங்கேயோ வைத்துப் பூட்டினாள். அவர் தேரடிக் கடையில் மட்டமான ஒரு கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு நெய்தார். இழை தெரிந்தது, எழுத்து தெரியவில்லை.

சாவு வீட்டில் காவேரி அழவில்லை. "கல்லு மாதிரி உக்காந்துக்கினு இருக்குது பாரு" என்று வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கிறவர்களுக்கு என்ன, எழவு வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்தப் போனில் ஒரு விளையாட்டு இருந்தது. சத்தம், சண்டை, சுடுவது, ஓடுவது ஒன்றும் இல்லாத விளையாட்டு. அந்தி வெளிச்சத்தில் ஒரு குன்று. கீழே குளம். நடுவில் வாய்க்கால், ஆனால் துண்டு துண்டாக, கோணல்மாணலாகக் கிடக்கும். ஒவ்வொரு துண்டாகத் திருப்பித் திருப்பிச் சேர்த்தால் தண்ணீர் இறங்கி வந்து குளத்தில் விழும். ஒரு தாமரை மொட்டு விரியும். எங்கேயோ மழை பெய்கிற ஓசை கேட்கும், ஒரு குருவி இரண்டு தரம் கூவும். அவ்வளவுதான். மொத்தம் அறுபது குளம்.

"இதுல யார்டா எதிரி?" என்று பஞ்சாட்சரம் ஒருநாள் கேட்டிருந்தார்.

"யாரும் இல்ல நைனா. டைமும் கெடையாது. தப்பாத் திருப்பினா திரும்பத் திருப்பிக்கலாம். இதுல யாரும் சாவ மாட்டாங்க" என்றான் ஆனந்தகுமார். கடைசி நாள் சாப்பிடும்போதுகூட அம்மாவிடம் அதைத்தான் பீற்றிக்கொண்டான். "முப்பத்தேழாவது கொளம் பூத்துட்டுதும்மா."

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, மத்தியான வேளைகளில் பின்கட்டிலிருந்து அந்தக் குருவிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து காவேரி போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மகன் கேட்ட சத்தத்தைக் கேட்கிறாள் பாவம் என்று பஞ்சாட்சரம் அந்தப் பக்கம் போகாமல் இருந்தார். இரண்டு மாதத்தில் சத்தம் நின்றுவிட்டது. அதற்கப்புறம் அவள் போனைத் திறப்பாள், பார்ப்பாள், மூடிச் சுவர் மாடத்தில் வைத்துவிடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது, திருடன் மாதிரி அவர் போனை எடுத்துத் திறந்தார். வரிசை வரிசையாக மொட்டுகள். அதில் பூத்தவற்றை விரல் வைத்து எண்ணினார். சரியாக முப்பத்தேழு. மேலே இங்கிலீஷில் ஒரு பெயர். அவருக்குப் படிக்க வராது, வந்திருந்தாலும் அந்த மட்டக் கண்ணாடியில் தெரிந்திருக்காது. ஆனாலும் அது யார் பெயர் என்று தெரியும். முப்பத்தேழு தரம் என் பிள்ளையின் விரல் இதன்மேல் பட்டிருக்கிறது என்று நினைத்தார். 

முப்பத்தெட்டாவது குளம் கோணல்மாணலாக, தொடாமல் கிடந்தது. சும்மா ஒரு துண்டைத் திருப்பினார். இன்னொன்று. தறியில் அறுந்த இழையைத் தேடிப் பிணைத்துப் பழகிய கை, தண்ணீர் எந்த வழியாக வரும் என்று அதற்கே தெரிந்தது. எத்தனை நேரம் ஆனதோ, அந்த நேரம் முழுக்க லாரி ஞாபகம் வரவில்லை. அது புரிந்ததும் அவருக்கே வெட்கமாகப் போயிற்று. கடைசித் துண்டு ஒன்றுதான் பாக்கி. அதைத் திருப்பக் கை வரவில்லை. பெற்றவள் இருக்கும்போது நான் யார் பூக்க வைக்க? அப்படியே மூடி மாடத்தில் வைத்துவிட்டார்.

மறுநாள் பார்த்தால் முப்பத்தெட்டு பூத்திருந்தது. முப்பத்தொன்பதாவது குளம் மற்றதெல்லாம் சேர்ந்து, ஒரே ஒரு துண்டு மட்டும் திரும்பாமல் நின்றது.

அவர் அதைத் திருப்பினார். குருவி கூவியது. அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது.

அப்படி ஆரம்பித்தது அது. ஒருநாள் இவர் வைப்பார், மறுநாள் அவள் வைப்பாள். எப்போதும் கடைசித் துண்டு மற்றவருக்கு. இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கற்றுக்கொண்டாள் என்று அவருக்கு ஆச்சரியம்தான். ஆனால் யாரைக் கேட்பது? நாள் முழுக்கத் தறியில் ஊமையாக இருந்தாலும், அந்த ஒரு துண்டு தனக்காகக் காத்திருக்கிறது என்கிற நினைப்பில்தான் அவர் காலையில் எழுந்தார். ஐம்பத்தோராவது குளம் வரை வந்துவிட்டார்கள். அறுபது முடிந்தால் என்ன ஆகும் என்ற பயம்கூட அவருக்கு வந்திருந்தது. அதற்குள் வேறொன்று நடந்தது.

ஆவணி மாதம், இன்னொரு வெள்ளிக்கிழமை. காவேரி காமாட்சியம்மன் கோயிலுக்குக் கிளம்பிப் போனாள். போன் சார்ஜ் இல்லாமல் செத்திருந்தது. சார்ஜரில் போட்டு உயிர் வந்ததும் விளையாட்டைத் திறந்தார். வழக்கமாக முதல் வரியை அமுக்குவார். அன்றைக்கு விரல் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது போலிருக்கிறது, அந்தக் கண்ணாடியில் அவருக்குத் தெரியவில்லை. வெள்ளை எழுத்தில் இங்கிலீஷில் ஏதோ கேட்டது. போன் எது கேட்டாலும் இடது பக்கப் பொத்தான்தானே? அமுக்கினார்.

எல்லாம் மொட்டாகிவிட்டது. அறுபதும் மொட்டு. மேலே பெயர் இல்லை.

பஞ்சாட்சரம் சட்டையை மாட்டினாரோ இல்லையோ, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சிட்டிபாபு வைத்திருந்த செல்போன் ரிப்பேர் கடைக்கு ஓடினார். சிட்டிபாபு வாங்கிப் பார்த்தான், அங்கே இங்கே அமுக்கினான், உதட்டைப் பிதுக்கினான்.

"பழைய கேமை அழிச்சிடட்டுமான்னு கேட்டிருக்குதுண்ணா. நீங்க சரின்னுட்டீங்க."

"திரும்ப வர வைக்க முடியாதாப்பா?"

"போனது போனதுதாண்ணா. மறுபடி மொதல்லேர்ந்து ஆடுங்க, இன்னா இப்போ? கேம்தானே?"

கேம்தானே. அவன்மேல் தப்பில்லை, அவனுக்கு என்ன தெரியும்? பஞ்சாட்சரம் போனை வாங்கி மடியில் முடிந்துகொண்டு நடந்தார். வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. சர்வதீர்த்தக் குளத்துப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். மத்தியானம் அவள் போனை எடுப்பாள். அதற்குள் முப்பத்தேழையும் பூக்க வைத்துவிட்டால்? அப்புறம் ஐம்பது வரைக்கும்? அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது?

விளையாட்டைத் திறந்தார், அது பெயர் கேட்டது. காலியாக விட்டு உள்ளே போனார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வெறி பிடித்தவர் போலத் திருப்பினார். ஏழாவது மொட்டு விரிந்து குருவி கூவியபோது கை நின்றுவிட்டது. இது யார் பூக்க வைத்தது? நான் பூக்க வைத்தது. ஏழாயிரம் பூத்தாலும் நான் பூக்க வைத்ததுதான், அவன் விரல் பட்டது ஆகாது. ஒரு தரம் அவனைக் கொன்றேன், இப்போது மிச்சத்தையும் துடைத்துவிட்டேன், அதற்குமேல் அவளை ஏமாற்றவும் வேண்டுமா? படிக்கட்டில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

காவேரி கோயிலிலிருந்து வந்து, குங்குமத்தை மாடத்தில் வைத்துவிட்டுப் போன் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அதை அவள் முன்னால் தரையில் வைத்தார்.

"காவேரி. நீ என்கிட்ட பேச வேணாம். நான் சொல்றதக் கேளு. அவன் பூ அத்தனையும் நான் அழிச்சிட்டேன். தெரியாம அமுக்கிட்டேன். சிட்டிபாபு வராதுன்னுட்டான். அவன அனுப்பினதும் நான்தான், இத அழிச்சதும் நான்தான். நீ என்னை இன்னா வேணாப் பண்ணிக்க."

அவள் போனை எடுக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். ஒன்பது மாதத்துக்கு அப்புறம் நேராக, கண்ணுக்குள் பார்த்தாள்.

"நீங்க அழிச்சது அவன் பூ இல்லீங்க" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை.

"அவன் பூவ நான்தான் அழிச்சேன். காரியம் முடிஞ்ச மறுநாளே. இங்கிலீசுல இன்னாமோ கேட்டுது. அமுக்கினேன். எல்லாம் மொட்டாப் போச்சு."

"அப்ப... முப்பத்தேழு இருந்துதே?"

"நான் பூக்க வச்சது. துவைக்கற கல்லுல உக்காந்துக்கினு ரெண்டு மாசம். ஒண்ணும் தெரியாது எனக்கு, தட்டுத் தடுமாறி ஒண்ணொண்ணாத் திருப்பினேன். முப்பத்தேழோட நிறுத்திக்கினேன். அன்னிக்கி சாப்புடும்போது முப்பத்தேழுன்னுதானே சொன்னான்?"

"அந்தப் பேரு?"

"அவன் மார்க் ஷீட்ட எடுத்து வச்சிக்கினு, எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பாத்து அமுக்கினேன். கடைசி எழுத்து வரணும்னா ஏழாம் நம்பர் பொத்தான மூணு தபா அமுக்கணும். அதுக்கு மட்டும் ஒரு நாள் ஆச்சு."

பஞ்சாட்சரம் தறிக்குழி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தான் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதெல்லாம் மகன் விரல் பட்டதில்லை. இவள் விரல் பட்டது.

"அப்பவே ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீங்கதான் கொன்னீங்கன்னு மனசுல வச்சிக்கினு, வாய மூடிக்கினு கெடந்தேன். மொதல்ல கோவந்தாங்க, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் இத அழிச்சிட்டேன். தெரியாம ஒரு கை அமுக்கிச்சு, போயிடுச்சு. உங்க வாயும் தெரியாமத்தானே சொல்லிச்சு, போயி எடுத்தாந்துடுன்னு? அன்னிக்கே உங்ககிட்ட பேசியிருக்கணும். வாயத் தொறந்தா இது வெளிய வந்துடுமோன்னு பயம். அந்தப் பயத்துலயே இத்தினி மாசம் ஓடிட்டுது."

அவள் எழுந்து பீரோவைத் திறந்தாள். துணிகளுக்கு அடியிலிருந்து மார்க் ஷீட்டை எடுத்தாள். அதற்கடியில் போலீஸ் கவர் இருந்தது. அதற்குள்ளிருந்த கண்ணாடியை எடுத்து முந்தானையால் இரண்டு பக்கமும் துடைத்தாள்.

"இதப் போட்டுக்குங்க" என்றாள். "அந்த மட்டக் கண்ணாடியில எழுத்து தெரியாது உங்களுக்கு."

"வேணாம் காவேரி. அத என்னால..."

"உங்களுக்குத்தானேங்க எடுத்துக்கினு வந்தான். போட்டுக்குங்க."

பஞ்சாட்சரம் வாங்கி மாட்டிக்கொண்டார். மார்க் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக் காட்டினார். அவள் அமுக்கினாள். பதினோரு எழுத்து. கடைசிக்கு ஏழை மூன்று தரம்.

முதல் குளத்தில் மூன்றே மூன்று துண்டுகள்தான். அவர் இரண்டைத் திருப்பிவிட்டு, பழக்கதோஷத்தில், மூன்றாவதை விட்டுப் போனை அவள் பக்கம் நகர்த்தினார். காவேரி அதைத் திருப்பினாள். தண்ணீர் இறங்கி வந்தது. மழை ஓசை கேட்டது. குருவி இரண்டு தரம் கூவி முடித்ததும், ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக, தெருவுக்கே கேட்கும்படி காவேரி வாய்விட்டு அழுதாள்.