எடை கூடிய எலி

வெள்ளிக்கிழமை காலையில் எலிகளை எடை போடுவது அவள் வேலை. நான்கு ஆண்டுகளில் ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை. சினைப்பைப் புற்றுநோயின் உயிரணுக்களை அந்த எலிகளின் வயிற்றுக்குள் செலுத்தியிருந்தார்கள். இருட்டுப் பெட்டிக்குள் வைத்தால் மினுங்கும்படி மாற்றப்பட்ட உயிரணுக்கள். அவை எங்கே போய் ஒட்டுகின்றன, எத்தனை நாளில் பரவுகின்றன என்று கேமராவில் பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

"மேடம், ஏழாம் நம்பருக்கு உடம்பு தேறிடுச்சு. மூணு கிராம் ஏறியிருக்கு," என்றார் புதிதாக வந்திருந்த கூண்டுக் காப்பாளர். தன் வீட்டுப் பிள்ளை பரீட்சையில் தேறிவிட்டதைப் போல அவர் முகம் மலர்ந்திருந்தது.

அவள் எலியை வாங்கினாள். வயிறு உருண்டிருந்தது. ஆள்காட்டி விரலால் முதுகைத் தடவினாள்.

"தொட்டுப் பாருங்கண்ணே. எலும்பு கணு கணுவாத் தட்டுப்படுதா?"

"ஆமா மேடம்."

"இது சதை இல்ல. வயித்துல நீர் கோத்திருக்கு. உடம்பு உருகிக்கிட்டே இருக்கு."

"அடப்பாவமே! தராசு ஏறிக் காட்டுதே?"

"தராசு என்ன பண்ணும்? நீரையும் சேத்துத்தானே நிறுக்கும்."

சொல்லி முடித்ததும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்திருந்தாள். மாமா இறந்த பிறகு வற்றிப்போயிருந்தவள். வாசலில் கட்டிப்பிடித்தபோது அவளுடைய வயிறு முன்னால் முட்டியது. "நல்லா தேறிட்டக்கா," என்று இவள்தான் சொன்னாள். அப்போது இவளுடைய உள்ளங்கைகள் அக்காவின் முதுகில் இருந்தன. ரவிக்கைத் துணிக்கு அடியில் கணு கணுவாக எலும்புகள். கைக்குத் தெரிந்தது மனசுக்கு எட்டவில்லை. சாப்பாட்டில் நாலு வாய் வைப்பதற்குள் அக்கா தட்டைத் தள்ளினாள். "வயிறு திம்முனு இருக்குடி." வாயுவுக்கு ஒரு மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டாள், எலிகளின் வயிற்றை நான்கு வருடமாகத் தடவிக்கொண்டிருப்பவள்.

மீதி ஐந்து எலிகளையும் எடை போட்டாள். ஒன்பதாம் நம்பரின் எடையை எட்டாம் நம்பருக்கு எதிரே எழுதிவிட்டு அடித்தாள். பிறகு நடைபாதைக்குப் போய் அக்காவை அழைத்தாள். அந்தப் பக்கம் தையல் மிஷின் கடகடத்தது.

"என்னடி எலிக்காரி, வேலை நேரத்துல?"

"வயிறு எப்படி இருக்கு?"

"அது அது பாட்டுக்கு இருக்கு. பாவாடை நாடா எட்டல, நீளமா வேற போட்டுக்கிட்டேன். தையக்காரிக்கு இதெல்லாம் ஒரு கவலையா?"

"எத்தனை நாளா?"

"மூணு மாசம் இருக்கும்."

இவள் மனசுக்குள் மாதங்களை நாட்களாக்கிப் பார்த்தாள். மிஷின் சத்தம் நின்றது.

"லைன்ல இருக்கியாடி?"

"திங்கக்கிழமை ஸ்கேன் எடுக்கப் போறோம். நானும் வரேன்."

"எதுக்கு? என்னையும் வாலைப் புடிச்சுத் தூக்கிப் பாக்கப் போறியா?" அக்கா சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு அடங்கியது. "சரி, வரேன்."

இரண்டு நாட்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வயிறு உருண்ட எலி எத்தனை நாள் தாங்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். எலிக்கணக்கு மனிதருக்குப் பொருந்தாது என்று எத்தனையோ கூட்டங்களில் அவளே எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள். பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் அந்த எண் வந்து நின்றது. வேறு காரணத்தாலும் நீர் கோக்கும், கல்லீரலாக இருக்கலாம், என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஒட்டவில்லை.

ஸ்கேன் அறை குளிர்ந்து கிடந்தது. பசையைத் தடவி, கருவியை வயிற்றில் வைத்தவுடன், அதுவரை வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஸ்கேன் எடுக்கும் பெண் பேச்சை நிறுத்தினாள். திரையைத் தன் பக்கம் லேசாகத் திருப்பினாள். படுத்திருந்த அக்காவுக்குத் திரை தெரியவில்லை. தலைமாட்டில் நின்ற இவளுக்குத் தெரிந்தது. குடலைச் சுற்றிலும் கருப்பாக ஒரு குளம். அதில் குடல் மிதந்து அசைந்தது. திரையில் ஒன்றைக் கண்டதும் தன் ஆய்வுக்கூடத்தில் இவளும் இப்படித்தான் வாயை மூடிக்கொள்வாள்.

"என்னடி, ரெண்டு பேரும் பேசி வச்ச மாதிரி ஊமையாயிட்டீங்க?"

ஒண்ணுமில்லைக்கா என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது. வாயு மாத்திரையும் அப்படித்தான் சுலபமாகக் கைக்கு வந்தது.

"வயித்துல நீர் சேர்ந்திருக்குக்கா."

"நீர்னா?"

"ஏன் சேர்ந்துச்சுன்னு இனிமேதான் பாக்கணும். பெரிய டாக்டர் சொல்லணும். ஆனா..." இவள் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். "எனக்கு பயமா இருக்குக்கா."

அக்கா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

"வெள்ளிக்கிழமையே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு."

"தனியா வச்சுக்கிட்டு வெந்தியா, லூசு." அக்காவின் கை தலைக்கு மேலே நீண்டு இவளுடைய மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது.

பிறகு அக்கா ஸ்கேன் பெண்ணிடம் சொன்னாள்: "அந்தப் பொட்டியை இந்தப் பக்கம் திருப்பும்மா. நானும் பாக்குறேன்."