பீரோவுக்குப் பின்னால்

குடிநீர் இணைப்பு அலுவலகத்தின் கண்காணிப்பாளர் நேர்மையில் கொஞ்சம் முற்றிப்போன ஆள். ஒருமுறை இரண்டு நிமிடம் தாமதமாக வந்ததற்குத் தனக்கே மெமோ கொடுத்து, தானே பதில் எழுதி, பதில் திருப்தியாக இல்லை என்று கண்டித்தும் வைத்தார். அதனால்தான் ஆய்வுக்கார அம்மாள் ஒருத்தி அவரைத் தேடி வந்தாள்.

ஆய்வு இதுதான். குறையுள்ள விண்ணப்பங்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரிப்பது. பாதிப் பேருக்குப் போன் செய்து என்ன குறை என்று சொல்லிவிடுவது. மீதிப் பேருக்கு வழக்கம்போல "அடுத்த வாரம் வாங்க." யார் எத்தனை நடை நடக்கிறார்கள் என்று எண்ணுவது.

"நடுவுல யாருக்காவது இரக்கப்பட்டுச் சொல்லிட்டீங்கன்னா ஆய்வே கெட்டுப்போயிடும் சார்."

"என்கிட்டயா சொல்றீங்க?" என்று கண்காணிப்பாளர் தன் கையாலேயே சீட்டு எடுத்தார். மீதிப் பாதியில் விழுந்தது அவருடைய சொந்த அக்கா.

அக்காவுக்கு முழங்கால் வலி. அலுவலகமோ மூன்றாவது மாடி. இரண்டாம் பக்கத்தில் ஒரு கையெழுத்து இல்லை, அவ்வளவே குறை. சொல்ல அரை நிமிடம் போதும். படியில் அக்காவின் மூச்சிரைப்பு கேட்டதும் இவர் பீரோவுக்குப் பின்னால் போய்விடுவார். அந்த இடுக்கில் ஒரு பல்லிதான் சௌகரியமாக இருக்க முடியும். மூன்று மாதத்தில் பல்லி இவருக்கு வழிவிடப் பழகியிருந்தது.

ஆய்வின் முடிவு சொல்லும் நாளில் சுவரில் வரைபடம் காட்டினார்கள். போன் வந்தவர்கள் இரண்டு நடையில் முடித்திருந்தார்கள். மற்றவர்களுக்கு நான்கு, ஐந்து. எல்லாரையும் விட்டு விலகி, ஓரத்தில் ஒற்றைப் புள்ளி: பதினொன்று.

"யாருய்யா அந்த மகராசி? அவகிட்ட ஆபீசுக்கு வாடகையே கேக்கலாம் போலிருக்கே!" என்றார் பெரிய அதிகாரி. கூடமே சிரித்தது. கண்காணிப்பாளரும் சிரித்தார். சிரித்த வாயை மூடத் தெரியாமல் நேரே அக்கா வீட்டுக்கு நடந்தார்.

அக்கா தெருக்குழாயிலிருந்து தண்ணீர் தூக்கி வந்துகொண்டிருந்தாள். குடத்தை வாங்கி வாசலில் வைத்துவிட்டு, சட்டைக்குள்ளிருந்து விண்ணப்பத்தை எடுத்தார். ஆபீஸ் காகிதம் அவரோடு வெளியே வந்தது அதுவே முதல் தடவை.

"ரெண்டாம் பக்கத்துல கையெழுத்து போடலக்கா. அவ்வளவுதான்."

"தெரியும்டா. மூணாவது தடவையே கீழ வாட்ச்மேன் சொல்லிட்டான்."

"அப்புறம் ஏன் போடல?"

"தம்பி எப்ப சொல்றான்னு பாத்தேன்."

அவர் தரையைப் பார்த்தபடி, "அப்போ ஆய்வுல அந்தப் பதினொண்ணு தப்பு. குறை தெரிஞ்சே நடந்த கணக்கு. எடுக்கச் சொல்லணும். ஏன்னு கேப்பாங்களே..." என்றார்.

"உள்ளதைச் சொல்லு. உனக்குத்தான் நேர்மை ஜாஸ்தியாச்சே."

அவர் பேனாவை நீட்டினார். அக்கா வாங்கவில்லை.

"காகிதத்தை எடுத்துட்டுப் போ. பதினோரு தடவை ஏறினவ, பன்னெண்டாவது தடவையும் ஏறி வந்து அங்கயே போடறேன். நீ மட்டும் பீரோவுக்குப் பின்னாடி போகாத. தொந்தி வெளிய தெரியுது."