படத்தில் முளைத்த பல்

காலையிலிருந்து அவளுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கட்டில்களை ஜன்னல் பக்கம் தள்ளினாள்; வெயில் அடிக்குமே என்று மறுபடி சுவர்ப் பக்கம் இழுத்தாள். விரித்த விரிப்பையே உதறி விரித்தாள். காலில் சக்கரமா கட்டியிருக்கிறீர்கள், கொஞ்சம் உட்காருங்கள் அண்ணி என்று நாத்தனார் சொல்லிப் பார்த்தாள். உட்கார்ந்தால் நினைப்பு வந்துவிடும். அதற்குப் பயந்துதானே இத்தனை ஓட்டமும்!

ஆஸ்பத்திரிக்கு எதிரே வாடகைக்குப் பிடித்த வீடு அது. குழந்தையை உள்ளே சேர்த்துவிட்டு நடையில் துண்டு விரித்துப் படுக்கும் பெற்றோர் இங்கே குளிக்கலாம், சமைக்கலாம், காலை நீட்டித் தூங்கலாம். காசு கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளும் புருஷனும் அந்த நடையில்தான் கிடந்தார்கள். மகள் வீடு திரும்பவில்லை. அவள் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் வாய்விட்டுக் கேட்டு, இன்றைக்குத் திறப்பு.

மகளுக்கு அப்போது ஏழு வயது. மேல்வரிசை முன்பல் விழுந்த நாளிலிருந்து அப்பாவுக்கு அவள் 'பொக்கை'. வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டால் அடிக்கப் பாய்வாள். அப்பா கூப்பிட்டால் மட்டும் வாயை இன்னும் அகலமாகத் திறந்து காட்டுவாள். அந்தச் சிரிப்பைத்தான் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டக் கொடுத்திருந்தார்கள்.

படம் வந்தது. காகிதத்தைப் பிரித்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிரிப்பில் அந்த இடைவெளியைக் காணோம். பல் முளைத்திருந்தது.

இது யார் பெற்ற பிள்ளையோ, என் பொக்கை இல்லை. விருந்தாளிகள் வர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. படத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருமுனை ஸ்டூடியோவுக்கு ஓடினாள். இல்லாத பல்லை வைக்க உன்னை யார் கேட்டது என்று ஸ்டூடியோக்காரரைப் பிடிபிடியென்று பிடித்தாள். மனிதர் மென்று விழுங்கினார்.

"உங்க வீட்டு சார்தான்மா சொன்னாரு. பக்கத்துலயே உட்கார்ந்து, பல்லு பெரிசா இருக்கு, கொஞ்சம் குறைங்கன்னு சொல்லிச் சொல்லிச் செய்யவெச்சாரு."

பழைய படத்தையே உடனே போட்டுத் தருவதாகவும் சொன்னார். போடுங்கள் என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த படத்தோடு திரும்பி நடந்தாள். உடம்பெல்லாம் எரிந்தது. மகள் போன பிறகு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன், ஊர் பார்க்கப்போகிறது என்றதும் மகளை அழகுபடுத்தக் கிளம்பிவிட்டாரா?

அவர் கூடத்தில் முக்காலிமேல் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"பொக்கைன்னு பேர் வெச்சதே நீங்கதானே? நாலு பேர் பார்க்கிறப்ப அது வெட்கமாப் போச்சா?"

"வெட்கமா?" அவருக்கு முதலில் விளங்கவில்லை. அவள் கையிலிருந்த படத்தைப் பார்த்ததும் மெதுவாகக் கீழே இறங்கினார்.

"இந்நேரம் முளைச்சிருக்கும்ல" என்றார்.

அவள் கோபத்துக்குப் பிடி விட்டுப்போயிற்று. படத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். புதுப்பல்லுக்கே உரிய ரம்ப விளிம்பைக்கூட விடாமல் வைக்கச் சொல்லியிருந்தார். இவள் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்த இரண்டு வருஷமும் இந்த மனுஷன் சத்தம் போடாமல் மகளை வளர்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். மறந்துவிட்டார் என்றல்லவா அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள்!

வாசலில் வண்டி வந்து நின்றது. ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று நாத்தனார் குரல் கொடுத்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"முடியை விட்டுட்டீங்களே" என்றாள். "ரெட்டை ஜடை போடணும், வெட்டவே கூடாதுன்னு அடம்பிடிச்சாளே."

அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இப்ப எதுவரைக்கும் வந்திருக்கும்?"

அவள் தன் தோளுக்குக் கொஞ்சம் கீழே கையை வைத்துக் காட்டினாள்.